காயில் போகும் முன்பே மாற்றுவதா: காட்பாடி வாடகைக் கார் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட வண்டி என் தங்கையின் கணவருடையது. காட்பாடியில் நிற்கும் அந்த வாடகை செடான் 2021 ஆம் ஆண்டு வாங்கப்பட்டது. 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், சி.என்.ஜி. (அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயு) கலன் வண்டியோடு வந்தது. எரிபொருளைப் பற்றவைக்கும் பொறியை விடுவது பிளக், அதற்கு உயர் மின்னழுத்தம் தருவது காயில்; ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனித்தனியாக ஒரு காயில் உட்கார்ந்திருக்கும் அமைப்பு. வேலூருக்கு மருத்துவம் பார்த்துக்கொள்ள மேற்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வருகிறவர்களைச் சென்னை விமான நிலையத்திலிருந்து அழைத்து வருவதும், திரும்பக் கொண்டு விடுவதும்தான் அதன் முதன்மையான வேலை. மாதம் 4,500 கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓடும். இந்த விவரங்களை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. இக்னிஷன் பாகம் (எரிபொருளைப் பற்றவைக்கும் அமைப்பின் பாகம்) ஒன்றைப் பழுதாகும் முன்பே மாற்றலாமா என்று கேட்கும்போது, அந்தப் பாகத்தின் வயதைவிட, அது எப்படிப் பழுதாகும், பழுதாகும் நேரத்தில் வண்டி எங்கே, யாரை ஏற்றிக்கொண்டு நிற்கும் என்பவையே விடையைப் பெரிதும் தீர்மானிக்கின்றன என்பது என் கருத்து. தொழிற்பயிற்சி நிலையத்தில் ஆட்டோமொபைல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ஆனால் இந்தக் கருத்து வகுப்பறையில் கிடைத்ததன்று, 2024 மே மாதத்தில் இந்த வண்டியோடு பட்ட பாட்டில் கிடைத்தது.

நடந்தது

மே மாதத்தின் இரண்டாவது வாரம், இரவு ஒன்றரை மணி இருக்கும். கொல்கத்தாவிலிருந்து வந்த மூன்று பேர், அவர்களில் ஒருவர் அறுவை சிகிச்சைக்காக வந்த முதியவர், வண்டியில் இருந்தார்கள். காவேரிப்பாக்கம் தாண்டியதும் வண்டி லேசாக உதறத் தொடங்கியது. ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் வேகம் கூடாமல் உதறல் மட்டும் கூடியது. எஞ்சின் விளக்கு முதலில் நிலையாக எரிந்தது, பிறகு விட்டு விட்டுச் சிமிட்டியது. ஓட்டி வந்த மாப்பிள்ளை, அதாவது தங்கையின் கணவர், சி.என்.ஜி.யிலிருந்து பெட்ரோலுக்கு மாற்றிப் பார்த்தார், மாற்றமில்லை. 40 கிலோமீட்டர் வேகத்தில் உருட்டிக்கொண்டு வாலாஜா வரை வந்து, வெளிச்சமுள்ள ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தி, வேலூரிலிருந்து தெரிந்த ஓட்டுநர் ஒருவரை வரவழைத்து அவர்களை அனுப்பி வைத்தார்.

அன்றிரவின் கணக்கை மறுநாள் அவரே ஒரு டைரித் தாளில் எழுதிக் கொடுத்தார். வாங்காமல் விட்ட வாடகை 3,800 ரூபாய், மாற்று வண்டிக்குக் கையிலிருந்து கொடுத்தது 1,500, காலையில் கட்டி இழுத்து வந்ததற்கு 2,500, அடுத்த நாள் போக முடியாமல் போன சவாரி 3,800. மொத்தம் 11,600. முதியவர் அந்த நேரத்தில் ஒன்றரை மணி நேரம் பங்கில் நாற்காலியில் உட்கார்ந்திருந்ததற்கு விலை எதுவும் எழுதப்படவில்லை.

இதற்கு மூன்று வாரம் முன்பே ஒரு முன்னறிவிப்பு வந்திருந்தது என்பது விசாரித்தபோதுதான் தெரிந்தது. ஒரு குடும்பத்தை ஏலகிரிக்கு ஏற்றிச் சென்றபோது, பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் நடு வளைவுகளை மூன்றாம் கியரில் ஏறும்போது வண்டி இரண்டு மூன்று முறை வெட்டி இழுத்திருக்கிறது. பெட்ரோலுக்கு மாற்றியதும் சரியாகிவிட்டதால், "கேஸ்ல ஏதோ குப்பை" என்று முடிவு செய்து அத்தோடு விட்டுவிட்டார். எரிவாயுவில் ஓடும்போது மட்டும், அதுவும் சுமையோடு மேடேறும்போது மட்டும், மிஸ்ஸிங் (சிலிண்டரில் எரிதல் தவறுவது) வந்து பெட்ரோலில் மறைந்தால், எரிவாயுக் குழாயைச் சந்தேகிப்பதற்கு முன் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதுதான் முறை. அதன் காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

தீப்பொறி ஏன் தவறுகிறது

காயிலுக்குள் இரண்டு கம்பிச் சுருள்கள் உள்ளன. பேட்டரியின் 12 வோல்ட் முதல் சுருளில் சில ஆம்பியர் மின்னோட்டத்தை ஏற்றி வைக்கிறது. எஞ்சின் கணினி அதைச் சட்டென்று துண்டிக்கும்போது, பன்மடங்கு அதிகச் சுற்றுகள் கொண்ட இரண்டாம் சுருளில் இருபதாயிரத்திலிருந்து நாற்பதாயிரம் வோல்ட் வரை எழ முடியும். ஆனால் காயில் எப்போதும் தன் முழு வலிமையையும் காட்டுவதில்லை. பிளக்கின் இடைவெளியைத் தாண்டுவதற்கு எவ்வளவு வோல்ட் வேண்டுமோ அவ்வளவுதான் எழும்; தாண்டியவுடன் மின்னழுத்தம் விழுந்துவிடும். இடைவெளி பெரிதானாலும், சிலிண்டருக்குள் அழுத்தம் கூடினாலும் தேவைப்படும் வோல்ட் கூடும். மேட்டில் ஆக்ஸிலேட்டரை முழுதாக அழுத்தும்போது சிலிண்டருக்குள் நிரம்பும் கலவை அதிகம், ஆகவே அழுத்தம் அதிகம். எரிவாயுவுக்கோ பெட்ரோலைவிடக் கூடுதல் வோல்ட் தேவைப்படும் இயல்பு உண்டு. பெட்ரோல் துளிகள் ஆவியாகும்போது கிடைக்கும் குளிர்ச்சியும் அதில் இல்லாததால் பிளக் முனை விரைவில் தேயும். சமதளச் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் அமைதியாக ஓடும் வண்டி ஏலகிரி வளைவில் வெட்டுவது இதனால்தான்.

தேய்மானம் என்பது வெறும் சொல் இல்லை என்பதற்கு ஒரு கணக்கு. 80 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு 2,500 முறை சுற்றுகிறது என்று கொண்டால், நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு பிளக் நிமிடத்துக்கு 1,250 முறை பொறி விடும். அப்படிப் பார்த்தால் 100 கிலோமீட்டருக்கு 93,750 பொறிகள். இந்த வண்டியில் கடைசியாகப் பிளக் மாற்றிய பிறகு 42,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. அதாவது ஒவ்வொரு பிளக்கும் நான்கு கோடிக்குச் சற்றுக் குறைவான முறை பொறி விட்டிருந்தது. ஒவ்வொரு பொறியும் முனையின் உலோகத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு துணுக்கைத் தின்றுகொண்டே போகும். நிக்கல் 1,455 பாகையில் உருகும், இரிடியம் 2,446 பாகையில் உருகும் என்பதால்தான் பின்னதில் செய்த முனையை ஊசி போல் மெல்லியதாக வைத்தாலும் அது நீண்ட நாள் உழைக்கிறது.

பட்டறையில் கண்டவை

மறுநாள் காலை சத்துவாச்சாரியில் உள்ள பட்டறைக்கு வண்டி வந்தது. அங்குள்ள மெக்கானிக் என்னிடம் படித்தவர் இல்லை. ஆனால் பழுது பார்ப்பதில் என்னைவிடக் கை தேர்ந்தவர். ஸ்கேனரைச் செருகியதும் பி0302 என்று காட்டியது. இரண்டாவது சிலிண்டரில் எரிதல் தவறுகிறது என்பதே அதன் பொருள். காயில் கெட்டுவிட்டது என்று அது சொல்லவில்லை. பிளக், காயில், இன்ஜெக்டர், வால்வு, கம்பி எது கெட்டாலும் இதே எண்தான் வரும். எண்ணைப் பார்த்தவுடன் காயிலை வாங்கி வருவது நம் ஊரில் பரவலாக உள்ள பழக்கம். சரிபாதி நேரம் பலிக்கும் என்பதால் அந்தப் பழக்கம் போவதுமில்லை.

அவர் அப்படிச் செய்யவில்லை. இரண்டாவது சிலிண்டரின் காயிலை நான்காவதிலும், நான்காவதன் காயிலை இரண்டாவதிலும் மாட்டி, பதிவை அழித்து, வண்டியை ஓடவிட்டார். ஐந்து நிமிடத்தில் பி0304 வந்தது. பழுது காயிலோடு கூடவே நகர்ந்துவிட்டது. இந்தச் சோதனைக்குச் செலவில்லை, 10 எம்.எம். ஸ்பேனர் ஒன்று போதும்.

அடுத்து நான்கு பிளக்குகளையும் கழற்றினோம். அவற்றுக்குரிய இடைவெளி 1.0 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜில் அளந்தபோது வரிசையாக 1.3, 1.4, 1.3, 1.3 என்று வந்தது. கூர்மையாக இருக்க வேண்டிய நடு முனையின் விளிம்புகள் உருண்டு, பழைய பென்சில் ரப்பர் போல் ஆகியிருந்தன. இரண்டாவது பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழாக, மெல்லிய பென்சிலால் கிழித்தது போல ஒரு கருங்கோடு இருந்தது; துணியால் துடைத்தும் போகவில்லை. அந்தக் காயிலின் அடியில் பிளக்கின் மேல் மாட்டும் ரப்பர் உறையைப் பிளேடால் நீளவாக்கில் அறுத்து விரித்துப் பார்த்தபோது, கோட்டுக்கு நேர் எதிரே குண்டூசி முனை அளவுக்கு ஒரு துளை, சுற்றிலும் சாம்பல் நிறம். மின்சாரம் பிளக்கின் இடைவெளியைத் தாண்டுவதைவிட ரப்பரைத் துளைத்துச் சிலிண்டர் ஹெட்டுக்குள் இறங்குவது எளிது என்று கண்டுகொண்டிருக்கிறது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. இரண்டாவது பிளக் உட்காரும் குழியின் அடியில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. வாரம் ஒருமுறை வாட்டர் வாஷ் விடும்போது பானெட்டைத் திறந்து எஞ்சின் மேலேயும் பீய்ச்சச் சொல்வது மாப்பிள்ளையின் வழக்கம். பயணிகள் பானெட்டுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை என்று பலமுறை சொல்லியும் விட்டதில்லை. குழிக்குள் நின்ற தண்ணீர் சூட்டில் காய்ந்து உப்பை விட்டுச் சென்றிருக்கிறது. ஈரமும் உப்பும் மின்சாரத்துக்குப் பாதை போட்டுத் தரும்.

மற்றப் பிளக்குகளில் உலோக விளிம்புக்கு மேலே பீங்கானில் பழுப்பு வளையம் இருந்ததை மாப்பிள்ளை சுட்டிக்காட்டி, "இதுலயும் லீக் இருக்கு மச்சான்" என்றார். அது லீக் அன்று. உயர் அழுத்த மின்புலத்தில் காற்றிலுள்ள எண்ணெய்த் துகள் ஈர்க்கப்பட்டுப் படிவதால் உண்டாகும் கறை, தீங்கற்றது. கோடு வேறு, வளையம் வேறு. கோடு இருந்தால் பிளக், ரப்பர் உறை இரண்டும் போக வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழைய பாதை புதியதையும் கெடுக்கும்.

ஆகவே பழுதின் வரிசை இது: பிளக் உரிய காலத்தில் மாற்றப்படவில்லை, இடைவெளி கூடியது, காயில் ஒவ்வொரு பொறிக்கும் கூடுதல் வோல்ட் கொடுக்க வேண்டியதாயிற்று, ஈரமும் வேலூர் வெயிலின் சூடும் சேர்ந்து ரப்பரைப் பலவீனப்படுத்தின, பலவீனமான இடத்தில் துளை விழுந்தது. செத்தது காயில், கொன்றது பிளக். மாப்பிள்ளை கையேட்டைப் படிக்காதவர் அல்லர். பெட்ரோலுக்கான அட்டவணையில் 40,000 கிலோமீட்டர் என்ற வரியைப் படித்துவிட்டு, "ரெண்டாயிரம்தானே கூட ஓடியிருக்கு" என்று வாதிட்டார். கடுமையான பயன்பாட்டுக்கு என்று தனியாக இருந்த பக்கத்தை அவர் புரட்டவில்லை. வாடகை வண்டியும் எரிவாயுவும் நாற்பது பாகை வெயிலும் சேர்ந்த பிறகு கடுமைக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

முடிவெடுக்க வேண்டிய கேள்வி

போன காயிலை மாற்றுவதில் விவாதம் இல்லை. மற்ற மூன்றையும் என்ன செய்வது என்பதில்தான் பட்டறையில் அரை மணி நேரம் பேச்சு நடந்தது.

மெக்கானிக்கின் கருத்து தெளிவாக இருந்தது. "நாலையும் மாத்திடுங்க சார். ஒண்ணு போச்சுன்னா மத்ததும் வரிசையா போவும். அப்புறம் ராத்திரியில எனக்குத்தான் போன் வரும்."

மாப்பிள்ளை அதற்கு நேர் எதிர். "நல்லா ஓடுறதை எதுக்குக் கழட்டணும் மச்சான்? போனதை மட்டும் பாருங்க."

இருவருமே பழைய அனுபவத்திலிருந்து பேசினார்கள். என் அப்பா காலத்து அம்பாசிடரில் சிலிண்டர்களுக்குப் பொறியைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள், காயிலின் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் பாயிண்ட் இருந்தது. பொறி ஒவ்வொன்றுக்கும் அது திறந்து மூடும். ஒவ்வொரு முறையும் முனை கருகும். 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அரம் போட்டு இடைவெளி வைக்க வேண்டும். அதற்கும் மேல் தேய்ந்தால் மாற்ற வேண்டும். நல்ல ஓட்டுநர்கள் பாயிண்ட் செட், கண்டன்சர், ரோட்டர் மூன்றையும் ஒரு தகர டப்பாவில் போட்டு டேஷ்போர்டில் வைத்திருப்பார்கள். போகும் முன்பே மாற்று என்ற வழக்கம் அந்தப் பாயிண்டுக்கு முழுக்கப் பொருந்தும், ஏனென்றால் அது தேய்வது கண்ணுக்குத் தெரியும், எத்தனை கிலோமீட்டரில் தேயும் என்றும் தெரியும். இன்றைய பிளக்கும் அதே இனம். காயில் அப்படியன்று. அதில் உரசும் பாகம் கிடையாது. 60,000 கிலோமீட்டரில் போவதும் உண்டு, இரண்டு லட்சம் தாண்டியும் உழைப்பதும் உண்டு. அதன் மேல் எழுதியிருக்கும் தேதியைப் பார்த்து அதன் எஞ்சிய நாளைச் சொல்ல முடியாது.

இந்த வேறுபாடு விமானத் துறையில் முறையாக ஆராயப்பட்ட ஒன்று. யுனைடெட் ஏர்லைன்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்டான்லி நவ்லன், ஹோவர்ட் ஹீப் ஆகிய இருவரும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக 1978 இல் அளித்த அறிக்கையில், தாங்கள் பார்த்த விமானப் பாகங்களில் 11 விழுக்காடு மட்டுமே வயது ஏற ஏறப் பழுதாகும் வாய்ப்பும் ஏறும் இயல்புடையவை என்று காட்டினார்கள். 68 விழுக்காடு அதற்கு நேர்மாறானவை: பொருத்திய தொடக்க நாட்களில்தான் அதிகம் பழுதாகின்றன, அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டால் நிலையாக உழைக்கின்றன. நம் காயில் விமானப் பாகம் இல்லை என்பதால் அந்த விழுக்காட்டை அப்படியே இதற்குப் பொருத்தக் கூடாது. ஆனால் அதிலிருந்து எழும் எச்சரிக்கை பொருந்தும்: 1,38,400 கிலோமீட்டர் தன்னை நிரூபித்த மூன்று காயில்களைக் கழற்றிப் போட்டு, நிரூபிக்காத மூன்றை மாட்டுவது பாதுகாப்பைக் கூட்டும் என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட முடியாது. டூப்ளிகேட் சரக்கு புழங்கும் ஊரில் இந்த ஐயம் இரட்டிப்பாகிறது.

செலவைப் பார்த்தால், ஒரு காயில் 2,400 ரூபாய், நான்கும் 9,600. வாலாஜா இரவின் இழப்பு 11,600. இரண்டு எண்களையும் அருகருகே வைத்தால் நான்கையும் மாற்றுவதே லாபம் போலத் தோன்றும். மெக்கானிக் அப்படித்தான் தோன்ற வைத்தார். ஆனால் 9,600 என்பது நிச்சயச் செலவு; 11,600 என்பது இன்னொரு காயில் போனால், அதுவும் பயணிகளோடு இரவில் போனால், வரக்கூடிய செலவு. தவிர, அந்த 11,600 காயில் போனதால் மட்டும் வந்ததன்று. கையில் மாற்றுக் காயில் இல்லாததால் வந்தது. ஒரு காயிலை மாற்ற ஒரு போல்ட்டும் ஒரு கனெக்டரும் கழற்றினால் போதும். எஞ்சின் சற்று ஆறியபின் பதினைந்து நிமிட வேலை.

எனவே நான் சொன்ன முடிவு இரண்டுக்கும் நடுவில் அமைந்தது. இரண்டாவது சிலிண்டருக்குப் புதிய காயில். மூன்று பழைய காயில்களுக்கும் ரப்பர் உறையும் ஸ்பிரிங்கும் மட்டும் புதியவை, அவை தனியாகவே கிடைக்கின்றன. நான்கு பிளக்கும் புதியவை. கூடவே கையிருப்புக்கு இன்னொரு காயில். அந்தக் கையிருப்பு விஷயத்தில் ஒரு சிறு ஏற்பாடு செய்தேன். புதிய காயிலைப் பெட்டியோடு டேஷ்போர்டில் வைக்காமல் அதை முதல் சிலிண்டரில் மாட்டி, அதிலிருந்து கழற்றிய பழையதைத் துணியில் சுற்றி ஸ்பேனரோடு வைத்தோம். புதியதில் குறை இருந்தால் பட்டறைக்குப் பக்கத்திலேயே தெரியட்டும். நள்ளிரவில் மாட்டப்போவது வேலை செய்யும் என்று ஏற்கெனவே தெரிந்ததாக இருக்கட்டும்.

பிளக்கில் எந்த வகை என்பதும் பேசப்பட்டது. நிக்கல் நான்குக்கு 880 ரூபாய், இரிடியம் நான்குக்கு 3,000. மூன்று மடங்கு உழைக்கும் என்று வைத்துக்கொண்டால் கணக்கு ஏறத்தாழச் சமம். நான் நிக்கலையே 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றச் சொன்னேன். அப்படிச் செய்தால் நான்கைந்து மாதத்துக்கு ஒருமுறை குழியும் ரப்பரும் கண்ணில் படும். சொந்த உபயோக வண்டியாக இருந்தால் இரிடியம் போட்டு மறந்துவிடச் சொல்லியிருப்பேன்.

வாங்கும்போது நடந்த ஒன்று. முதலில் ஒரு கடையிலிருந்து வந்த பிளக் பெட்டி பார்வைக்குக் குறையில்லாமல் இருந்தது. ரெசிஸ்டர் உள்ள பிளக்கின் மேல் முனைக்கும் நடு முனைக்கும் இடையே மல்டிமீட்டரில் ஏறத்தாழ 5,000 ஓம் காட்ட வேண்டும். பெட்டியிலிருந்த நான்கில் இரண்டு ஏறக்குறையப் பூஜ்யம் காட்டின. போலிச் சரக்கு என்று திருப்பிக் கொடுத்துவிட்டு வேறிடத்தில் வாங்கினோம். மாட்டும்போது காற்றடித்துக் குழியைச் சுத்தம் செய்து, எஞ்சின் ஆறிய நிலையில், கையாலேயே மரை பிடிக்கவிட்டு, வாஷர் தொட்ட பிறகு அரைச் சுற்றுக்குச் சற்று மேல் மட்டும் இறுக்கினோம். அலுமினிய ஹெட்டில் மரை போனால் அன்றைய மிச்சமெல்லாம் லேத்துக்குப் போய்விடும்.

புகையிலுள்ள நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைப் பற்றியும் ஒரு சொல். எரியாத எரிபொருள் புகைக்குழாயில் போய் அங்கே எரிந்தால் உள்ளிருக்கும் பீங்கான் தேன்கூடு உருகி அடைத்துக்கொள்ளும். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய அந்தப் பாகத்தின் விலைக்கு இருபது காயில்கூட வாங்கலாம். எஞ்சின் விளக்கு சிமிட்டினால் வண்டியை ஓரங்கட்ட வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். மாப்பிள்ளை சிமிட்டும் விளக்கோடு பதினைந்து கிலோமீட்டர் வரை வந்திருந்தார். மெதுவாக வந்ததாலும், தவறும் சிலிண்டருக்குக் கணினி பெட்ரோலை நிறுத்தியிருக்கக்கூடும் என்பதாலும் தப்பியது. பிறகு பல மாதம் பார்த்தும் கன்வர்ட்டரைக் குறிக்கும் பி0420 பதிவாகவில்லை.

உடன்பாடு வராத இடங்கள்

எஞ்சின் சுழலும் நிலையைக் கணினிக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் விஷயத்தில் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. ஒரு காயில் போனால் மூன்று சிலிண்டரில் உருட்டிக்கொண்டு வரலாம். கிராங்க் சென்சார் போனால் எப்போது பொறி விடுவது என்று கணினிக்கே தெரியாது. பெரும்பாலான வண்டிகள் அங்கேயே நின்றுவிடும். எட்டாத இடத்தில் இருப்பதால் சாலையோரத்தில் மாற்றுவதும் எளிதன்று. விளைவு இவ்வளவு பெரிது என்பதால் முன்கூட்டியே மாற்றிவிடலாம் என்றார் மாப்பிள்ளை. அதிலும் உரசும் பாகம் இல்லை. அதற்கு வரும் கம்பியின் உறை சூட்டில் கடினமாகி வெடித்திருக்கிறதா, எங்கேனும் உரசுகிறதா என்று பார்ப்பதே போதும் என்றேன் நான். பார்த்தோம், நன்றாக இருந்தது. ஆனாலும் அடுத்த மாதம் என்னிடம் சொல்லாமல் 1,200 ரூபாய் கொடுத்து மாற்றிவிட்டு வந்தார். பயணிகளை ஏற்றுகிறவர் அவர். அவருடைய தூக்கத்துக்கு அது விலையென்றால் நான் மறுப்பதற்கில்லை.

சாவிக் கொத்தில் மட்டும் நான் விடவில்லை. வண்டிச் சாவியோடு பித்தளை வேல் ஒன்று, வீட்டுச் சாவிகள், பீரோ சாவி எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தன. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 2014 இல் ஏறத்தாழ 26 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது இக்னிஷன் சுவிட்சுக்காகத்தான். சாவியைப் பிடித்து நிறுத்தும் விசை குறைவாக இருந்ததால், கனமான கொத்தின் இழுப்பிலோ குலுங்கலிலோ ஓடும் வண்டியில் சாவி தானாகத் திரும்பி எஞ்சின் நின்று, காற்றுப் பைகளும் விரியாமல் போயின. 124 இறப்புகளுக்கு இழப்பீடு வழங்கப்பட்டது. அதுபோன்ற வடிவமைப்புக் குறையில் ‘போகட்டும், பார்க்கலாம்’ என்ற பேச்சுக்கே இடமில்லை. அழைப்பு வந்தவுடன் மாற்ற வேண்டும். நம் வண்டிக்கு அப்படி எந்த அழைப்பும் இல்லை. இருந்தாலும் வேல் இப்போது கண்ணாடியில் தொங்குகிறது.

என் சொந்த வண்டியில் இதே ஆண்டு எடுத்த முடிவு முற்றிலும் வேறு. ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டர், பெரும்பாலும் காட்பாடிக்கும் பாகாயத்துக்கும் இடையில். மூன்றாவது பிளக் குழியில் எண்ணெய் கசிந்திருந்தது. காயிலைத் தொடவில்லை, டாப்பெட் கவர் (எஞ்சின் மேல்மூடி) பேக்கிங்கை மாற்றினேன், குழியைத் துடைத்தேன், பிளக்கை மாற்றினேன். காயில் போனால் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வருவேன்.

பின்னர்

2024 அக்டோபரில் 20,000 கிலோமீட்டர் முடிந்து பிளக் கழற்றியபோது இடைவெளி நான்கிலும் 1.1 தான் இருந்தது. குழிகள் காய்ந்திருந்தன, வாட்டர் வாஷில் இப்போது பானெட் திறப்பதில்லை. ஏலகிரிக்கு நான்கு பேரோடு எரிவாயுவிலேயே ஏறிப் பார்த்தார், வெட்டவில்லை.

2025 ஜனவரியில், 1,76,900 கிலோமீட்டரில், பெங்களூர் போகும் வழியில் மாதனூர் அருகே மூன்றாவது சிலிண்டரின் காயில் போனது. அதை எடுத்து வந்து பார்த்தேன். ரப்பர் உறையில் குறையில்லை. காயிலின் உடலிலேயே மயிரிழை விரிசல். இங்கே என் கணக்கில் ஒரு பிழை இருந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். வயதால் சாகும் பாகமில்லை என்று சொல்லி மூன்று பழைய காயில்களையும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை போல நான் எடைபோட்டேன். ஆனால் நான்கும் அதே தேய்ந்த பிளக்குகளோடு, அதே கூடுதல் வோல்ட்டைச் சுமந்து, பல மாதம் ஓடியவை. இரண்டாவதைக் கொன்ற காரணம் மற்ற மூன்றையும் உள்ளுக்குள் காயப்படுத்தியிருக்கலாம். ‘வரிசையா போவும்’ என்று மெக்கானிக் சொன்னதில், அவர் நினைத்த காரணம் தவறாக இருந்தாலும், இந்த வண்டியைப் பொறுத்தவரை உண்மை இருந்தது. காயில் தானாகப் போயிருந்தால் ஒன்று மட்டும் போதும். தேய்ந்த பிளக்கால் போயிருந்தால், நாள் முழுதும் பயணிகளை ஏற்றும் வண்டியில் நான்கையும் மாற்றச் சொல்வதே சரி என்று இப்போது நினைக்கிறேன்.

அன்று இழப்பு என்று எதுவும் இல்லை. பயணிகள் சாலையோரத் தேநீர்க் கடையில் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை டேஷ்போர்டிலிருந்த பழைய காயிலை எடுத்து மாட்டினார். பதினைந்து நிமிடம் என்று நான் சொல்லியிருந்த வேலைக்கு நாற்பது நிமிடம் ஆகியிருக்கிறது. நான்கு ஆண்டு எஞ்சின் சூட்டில் வெந்த கனெக்டரின் பிளாஸ்டிக் பூட்டு, அழுத்தியவுடன் அப்பளம் போல உடைந்துவிட்டது. கடைக்காரரிடம் கேபிள் டை ஒன்று வாங்கிக் கட்டிக்கொண்டு பெங்களூர் போய்த் திரும்பினார்.

மறுநாள் காலை அந்த உடைந்த பூட்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவர், மீதி மூன்று கனெக்டரும் உடையும் முன்பே மாற்றிவிடலாமா என்று கேட்டார். கழற்றும்போது மட்டும்தான் அது உடையும், கழற்றாதவரை ஒன்றும் ஆகாது என்றேன். "20,000 கிலோமீட்டருக்கு ஒருதடவை கழட்டச் சொன்னதே நீங்கதானே மச்சான்" என்றார்.

மூன்றும் வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன்.